கடமை நேரத்தில் உறங்கிய கருவி

எங்கள் மருந்துக் கிடங்குக் கழகத்தின் மூன்றாம் குளிரறைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு டப்பா இருக்கிறது. உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால் வெளியே மணி அடிப்பது அதன் வேலை. அந்த அறையில்தான் என் அம்மா மருந்துப் பெட்டிகள் அடுக்குகிறாள். ஆகவே இந்தக் கதையை நான் நடுநிலையோடு சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

குளிரறைக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். உள்ளே ஆள் இருக்கும்போது அடியில் ஒரு கட்டையைக் கொடுத்துத் திறந்து வைப்பார்கள். கட்டை நழுவினால் தீர்ந்தது. உள்ளேயிருந்து திறக்க ஒரு குமிழ் உண்டு. அது பனி இறுகி வேலை செய்யாமல் போய்ப் பல காலமாகிறது. சுமை தூக்குகிற ஒருவர் அப்படி மாட்டிக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தில் ஆளைக் காணோமே என்று தேடும்வரை உள்ளேயே கிடந்து, ஒரு காதில் பாதியை இழந்தார். அதற்குப் பிறகுதான் கழகம் அறைக்கு ஒன்றாக இந்த அசைவு சென்சார் டப்பாக்களை வாங்கியது. குமிழைச் சரிசெய்திருக்கலாமே என்று கேட்கக் கூடாது. குமிழுக்குத் தொடக்க விழா நடத்த முடியாது.

டப்பா பேட்டரியில் ஓடுவது. சுவரில் ஓட்டை போட்டு ஒயர் இழுத்தால் குளிர் கசியும். பேட்டரிக்கோ குளிர் ஆகாது. ஒரு வாரம்கூடத் தாங்காமல் உயிரை விட்டுவிடும். செத்துப்போன டப்பா ‘நான் செத்துவிட்டேன்’ என்று மணி அடிக்காது. அது பாட்டுக்குச் சுவரில் தொங்கும். அது பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் அம்மா பெட்டி அடுக்குவாள்.

மின்சிக்கனப் பிரிவில் உதவித் தொழில்நுட்பராக என்னைத் தற்காலிகமாக எடுத்தபோது முதலில் கொடுத்த வேலை இதுதான்: டப்பாவின் மின்செலவைக் குறை. குறைத்தால் நிரந்தரம். எங்கள் குடும்பத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கும் முதல் ஆள் நான். "நாற்காலி சுத்துமாடி?" என்பது அம்மாவின் முதல் கேள்வி. சுற்றும் என்றேன். கூடப் பெட்டி அடுக்கும் ஒரே ஒரு தோழியிடம் மட்டும் அதைச் சொன்னாள். அந்தத் தோழிக்கு ரேடியோ என்று பெயர். அது போதும்.

டப்பாவைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு கண் இருக்கிறது. உடம்புச் சூடு முன்னால் நகர்ந்தால் அது கண்டுகொள்ளும். நகராத சூடு அதற்குச் சுவர் மாதிரி. அந்தக் கண்ணுக்கு மின்சாரம் ஒரு சிட்டிகை போதும். அதன் பின்னால் உட்கார்ந்திருக்கும் சிப்தான் பெருந்தீனி. யாராவது இருக்காங்களா, யாராவது இருக்காங்களா என்று கண்ணை ஓயாமல் நச்சரித்துக்கொண்டே இருக்கிறது. போதாததற்கு ஒரு சிவப்பு விளக்கு, ஆளில்லாத இருட்டறையில் தன் அழகைத் தானே ரசித்துக்கொண்டு.

நான் செய்தது சின்ன விஷயம். விளக்கைப் பிடுங்கினேன். சிப்பைத் தூங்கவைத்தேன். ஏதாவது அசைந்தால் கண் அதன் தோளைத் தட்டும். அது எழுந்து கதவைப் பார்க்கும். திறந்திருந்தால் மறுபடி படுத்துக்கொள்ளும். சாத்தியிருந்தால், போகிறவர் போய்த்தான் சாத்தினாரோ என்று கொஞ்சம் பொறுத்துப் பார்த்து, பிறகும் அசைவு இருந்தால் மணிக்குச் சொல்லும். அவ்வளவுதான். ஒரு வாரம் தாங்காத பேட்டரி ஒரு வருஷத்தைத் தாண்டும் என்று கணக்கு வந்தது.

அறிக்கையில் பிறமொழிச் சொல் கூடாது என்பது கழக விதி. சிப் தூங்குவதை ‘உறக்கநிலை’ என்று எழுதினேன். நல்ல சொல். எந்த அகராதியும் குறை சொல்லாது.

மின்சிக்கன இயக்குநர் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"தூங்குதா?"

"ஆமா சார். வேலை இல்லாதப்போ."

"வேலை இல்லாதப்போன்னு ஒண்ணு நம்ம கழகத்துல கிடையாதும்மா. வேலை நடக்காதப்போன்னு வேணா சொல்லு. இந்தக் கருவி எந்தத் தலைப்புல பதிவாகியிருக்கு தெரியுமா? காவல்."

உண்மைதான். வாங்கியபோது எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று தெரியாமல் காவலாளிகளோடு சேர்த்துவிட்டார்கள். காவல் பணியாளர் கடமை நேரத்தில் உறங்கினால் விசாரணை. விதி அப்படி. விசாரணை நடந்தது.

மேசையின் அந்தப் பக்கம் இயக்குநர், இரண்டு உறுப்பினர்கள். இந்தப் பக்கம் ஒரு நாற்காலியில் டப்பா. பக்கத்து நாற்காலியில் அதன் சார்பில் நான். குற்றச்சாட்டு வாசிக்கப்பட்டபோது எழுந்து நிற்கச் சொன்னார்கள். நான் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன்.

"உறங்கும்போது ஆள் மாட்டிக்கிட்டா?"

"எழுந்துடும் சார். கண் இமைக்கிற நேரம்கூட ஆகாது."

"யார் எழுப்புவா?"

"மாட்டிக்கிட்டவங்கதான் சார். அசைஞ்சா போதும்."

"ஆக, ஆபத்துல இருக்கிறவங்க வந்து காவலாளியை எழுப்பணும்." இயக்குநர் உறுப்பினர்களைப் பார்த்தார். "எழுதிக்குங்க. எழுப்பணும்."

"யாருமே இல்லாத அறையில எதுக்கு சார் முழிச்சிருக்கணும்?"

"எதுக்குன்னு கேக்க ஆரம்பிச்சா இந்தக் கட்டடத்துல எத்தனை பேர் முழிச்சிருக்க முடியும்? நான் முப்பது வருஷமா இங்க கண்ணு மூடினதில்ல. வேலை நடந்துச்சா நடக்கலையாங்கறது வேற விஷயம். கண்ணு திறந்திருந்துச்சு."

மூத்த உறுப்பினர் மட்டும் கண்ணை மூடி ஆலோசித்துக்கொண்டிருந்தார். டீக் கோப்பை மேசையில் ‘டக்’ என்று உட்கார்ந்ததும் சட்டென்று நிமிர்ந்து, "கண்டிக்கத்தக்கது" என்று சொல்லிவிட்டு மறுபடி ஆலோசனைக்குத் திரும்பினார். நான் சொன்ன முறை இதுவேதான். நடவடிக்கைக் குறிப்பில் இதை ஏற்றவில்லை.

தீர்ப்பு வந்தது. கருவி இனி உறங்கக் கூடாது. விழித்திருப்பதற்கு அடையாளமாகச் சிவப்பு விளக்கு எப்போதும் எரிய வேண்டும். ஒன்று பழுதானால் சந்தேகம் வரும் என்பதால் இரண்டு விளக்குகள். தவிர, நிமிஷத்துக்கு ஒருமுறை ‘விழித்திருக்கிறேன்’ என்று இயக்குநர் அறைத் திரைக்குச் செய்தி அனுப்ப வேண்டும்.

விளக்குகளை நானே பற்றவைத்தேன். இப்போது பேட்டரி இரண்டு நாளில் செத்தது. மின்செலவு ஏன் ஏறியது என்று மின்சிக்கனப் பிரிவுக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. கேட்டவர் இயக்குநர். பதில் சொல்ல வேண்டியவள் நான். ‘நீங்கள் எழுப்பிவிட்டதால்’ என்று எழுதினேன். தொனி சரியில்லை என்று திரும்பி வந்தது. இடையில் செத்த பேட்டரிகளை மாற்ற நான் பட்ட பாட்டைச் சொன்னால், கட்டடத்துச் சுவர்க் கடிகாரங்கள் எல்லாம் ஏன் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன என்பதும் தெரிந்துவிடும்.

பிறகு ஆலோசகர் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஒளிப்புள்ளி வீசும் பேனா. மின்செலவுக் கோட்டைத் திரையில் போட்டார்.

"இந்த மலைகளைப் பாருங்க. ஆள் அசையுற நேரம். இந்தச் சமவெளியைப் பாருங்க. ஆள் அசையாத நேரம். இப்ப சொல்லுங்க, மின்சாரத்தைத் தின்னுறது யாரு? டப்பாவா?" ஒளிப்புள்ளியை ஒரு மலையுச்சியில் நிறுத்தினார். "அசைவு."

இயக்குநர் நாற்காலியில் நிமிர்ந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக யாரோ அவருக்குப் புரிகிற மாதிரி பேசிவிட்டார்கள்.

"இத்தனை நாளா காய்ச்சலை விட்டுட்டு தெர்மாமீட்டருக்கு மருந்து குடுத்திருக்கோம்," என்றார் ஆலோசகர். கைதட்டினார்கள்.

நான் எழுந்தேன். "சார், அசைவைக் கண்டுபிடிக்கத்தான் சார் அந்த டப்பாவே."

"அதேதாம்மா. அசைவு குறைஞ்சா டப்பாவுக்குச் சிரமம் குறையும்."

"மாட்டிக்கிட்டவங்க அசையலேன்னா மணியே அடிக்காது சார்!"

"அவங்க எதுக்கு மாட்டிக்கணும்?" என்றார் ஆலோசகர், உண்மையான வருத்தத்தோடு.

மறுநாள் சுற்றறிக்கை. தலைப்பு ‘அசைவுச் சிக்கனம்’. குளிரறையில் தேவையின்றிக் கையை வீசக் கூடாது. குனிவதும் நிமிர்வதும் ஒரே தடவையில் நடக்க வேண்டும். தும்மல் வருவது போலிருந்தால் வெளியே வந்து தும்மவும். கடைசியில் ஒரு வரி: ‘தற்செயலாகக் கதவு சாத்திக்கொண்டால் பதற்றமடைந்து அசைந்து பேட்டரியை வீணாக்காமல், உதவி வரும்வரை நின்ற இடத்திலேயே நிற்கவும்.’

அந்த வரியை எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனேன். உள்ளே விடவில்லை. மனு எழுதிக் கொடுத்தேன். ‘பரிசீலனையில்’ என்று வந்தது. நேரில் மறித்து நின்று சொன்னேன். "நீ நல்லா படிச்ச பொண்ணு, ஆனா ரொம்ப அசையுற," என்றார்.

தாழ்வாரத்தில் பயிற்சி நடந்தது. ஆலோசகர் ஒரு காலிப் பெட்டியை ஏந்தி, தண்ணீரில் மிதப்பவர் மாதிரி நடந்து காட்டினார். பெட்டி அடுக்கும் பெண்கள் வரிசையாகப் பின்னால் மிதந்தார்கள். பேசும்போது கையை ஆட்டக் கூடாது என்றதும் ரேடியோ நின்றுவிட்டாள்.

"கையைக் கட்டிப்போட்டா எனக்கு வாயே வராதுங்க."

"வரவேண்டாம்னுதான்," என்றார் ஆலோசகர்.

"அப்ப பெட்டி தானா நடந்து போகுமா? இல்ல, கண்ணாலயே தூக்கி வைக்கணுமா?"

வரிசையே சிரித்தது. சிரிப்பில் தோள்கள் குலுங்கியதைக் குறித்துக்கொண்டார்கள்.

அம்மா அந்த மிதப்பு நடையை வீட்டுக்கும் கொண்டுவந்தாள். உட்கார்ந்தால் காலாட்டாமல் இருக்க முடியாத பெண் அவள். சின்ன வயதில் அவள் மடியில் தலைவைத்துப் படித்தால் எழுத்தெல்லாம் ஆடும். இப்போது சமையல் மேடையிலிருந்து தண்ணீர்க் குடத்தை ஏந்திக்கொண்டு மிதந்து வந்தாள்.

"எப்டி இருக்கு? நேத்து ரெண்டு தடவை நல்லா பண்ணேன்னு சொன்னாங்க."

"அம்மா, குடத்தைக் கீழ வை. நான் சொல்றதக் கேளு. உள்ள மாட்டிக்கிட்டா நிக்கக் கூடாது. குதிக்கணும். கையக் கால ஆட்டணும். பேய் புடிச்ச மாதிரி ஆடணும். அப்பத்தான் மணி அடிக்கும்."

"காகிதத்துல வேற மாதிரில்ல போட்டிருக்கு."

"காகிதம் தப்பு."

"உங்க ஆபீஸ் காகிதம்தானேடி?"

"ஆமா. அதனாலதான் சொல்றேன்."

"அத்தனை பெரியவங்க உக்காந்து யோசிச்சு எழுதினது தப்பு. நேத்து வேலைக்குச் சேர்ந்தவ சொல்றது சரி." குடத்தை ஒரே அசைவில் இறக்கி வைத்தாள். "போடி, போய்ச் சாப்பிடு. உனக்கு முதல்ல வேலை நிரந்தரமாகட்டும்."

நான் கத்தினேன். அவள் காதில் விழாதவள் மாதிரி அடுப்பைத் துடைத்தாள். சத்தியம் பண்ணு என்றேன். "சரிடி, ஆடுறேன், போதுமா" என்றாள். என் வாயை அடைக்க அவள் ‘சரிடி’ என்பது எனக்குத் தெரியாததில்லை.

சில வாரங்களில் செலவு இறங்கியது. தலைமையகத்திலிருந்து மூன்று பேர் பார்க்க வந்தார்கள். இயக்குநர் அறையில் திரை ஒளிர்ந்தது. விருந்தினருக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கு என்னையும் நிறுத்தி வைத்திருந்தார்கள்; பெயருக்குத் தொழில்நுட்பப் பிரதிநிதி.

"மூணாம் அறையைப் பாருங்க," என்றார் இயக்குநர். "ரொம்ப நேரமா ஒரே நேர்கோடு. ஒரு மேடு பள்ளம் கிடையாது. இப்படி ஒரு கோட்டை நான் பார்த்ததே இல்ல."

கோட்டுக்குக் கீழே எழுத்து ஊர்ந்துகொண்டிருந்தது. விழித்திருக்கிறேன். கதவு சாத்தியது. அசைவில்லை. விழித்திருக்கிறேன். கதவு சாத்தியது. அசைவில்லை.

கையிலிருந்த ஜாடியை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியாது.

"சார், அந்த அறையில இப்ப ஆள் இருக்கணும் சார்."

"இருந்தா அசைவு தெரியுமேம்மா."

"அசையக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க? எங்க அம்மா சார் அது!"

தலைமையகத்துக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆலோசகர் திரைக்கு அருகில் போய், கோட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"அப்படீன்னா," என்றார் மெல்ல, "பயிற்சி வெற்றி."

ஓடினேன். படிக்கட்டில் விழுந்தேன். தாழ்வாரத்தில் மிதந்துகொண்டிருந்த இரண்டு பேரை இடித்துத் தள்ளினேன். மூன்றாம் அறை வாசலில் கட்டை ஓரமாக உருண்டு கிடந்தது. கைப்பிடியை இழுத்தேன். புகை மாதிரிக் குளிர் வெளியே வந்தது.

அம்மா அலமாரிக்கும் கதவுக்கும் நடுவில் நின்றிருந்தாள். கையில் பெட்டி, நெஞ்சோடு அணைத்தபடி. புருவம் வெளுத்திருந்தது. தடித்த அங்கிக்குள் உடம்பு நடுங்குவது கிட்டே போனால்தான் தெரிந்தது. மேலே சுவரில் இரண்டு சிவப்பு விளக்குகள் அவளைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தன.

உதடு பிரிய நேரமாயிற்று.

"அசையலாமாடி?"

மருத்துவமனையில் இடது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். அவளுக்கு மயக்கம் தெளிந்ததும் சண்டை போட்டேன். அடிக்கக்கூடக் கை ஓங்கியிருப்பேன். ஆடுறேன்னு சொன்னியே, சொன்னியே என்று அழுதேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஆடலாம்னுதான் நெனச்சேன். அங்க கோடு போட்டுப் பாக்குறது உன் ஆபீஸ்தானே. நான் ஆடினா உனக்குத்தானே கெட்ட பேரு. யாராவது வருவாங்கன்னு நின்னேன். கொஞ்ச நேரத்துல ஆடணும்னு நெனச்சாலும் முடியல."

இயக்குநரும் ஆலோசகரும் பார்க்க வந்தார்கள். கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டுச் சான்றிதழ் ஒன்று கொண்டுவந்திருந்தார்கள். சிக்கனத்தில் முதலிடம். அம்மாவின் கைகளில் கட்டு இருந்ததால் வயிற்றின்மேல் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். "அசையாம இருங்கம்மா," என்றார் படம் எடுத்தவர்.

"இந்த மாதிரி பணியாளர்களால்தான் கழகம் நிக்குது," என்றார் இயக்குநர். "நிக்குதுங்கற சொல்லை நான் யோசிச்சுத்தான் சொல்றேன்."

வெளியே வந்து நான் அவர்கள் வழியை மறித்துக்கொண்டேன். என்ன பேசினேன் என்று எழுத மாட்டேன்; எழுதினால் அச்சிட மாட்டார்கள். முடிவில் இயக்குநர் கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உன் பழைய அறிக்கையிலயும் விஷயம் இருக்கும்மா," என்றார். "அந்த ஒரு சொல்லுதான் உறுத்துது."

"உறக்கநிலையா சார்?"

"கேக்கவே அசிங்கமா இருக்கு இல்ல?"

ஆலோசகர் கொஞ்சம் யோசித்தார். "தவநிலைன்னு போட்டா?"

இயக்குநரின் முகம் மலர்ந்தது. "தவம்! கண்ணை மூடியிருந்தா என்ன? தவம் பண்றவனைத் தூங்குறான்னு எவன் சொல்லுவான்? இதை நீ முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா. எவ்வளவு அலைச்சல்."

அறிக்கையில் அந்தச் சொல்லை மட்டும் அடித்துத் திருத்திக் கொடுத்தேன். வேறு ஒரு எழுத்தும் மாற்றவில்லை. அன்று மாலையே ஒப்புதல் வந்தது. மூத்த உறுப்பினர் கண்ணைத் திறக்காமலே கையெழுத்துப் போட்டதாகக் கேள்வி.

விளக்குகளைப் பிடுங்கினேன். எல்லா டப்பாக்களையும் தூங்கவைத்தேன். மூன்றாம் அறையில் சோதனை வைத்தார்கள். உள்ளே யார் போவது என்று கேட்டதும் தாழ்வாரத்தில் அத்தனை பேரும் அசைவுச் சிக்கனம் காத்தார்கள். அங்கியை மாட்டிக்கொண்டு நானே போனேன்.

கதவு சாத்தியது.

இருட்டு. மூக்கின் உள்பக்கம் ஊசி குத்தியது. கொஞ்சம் பொறுத்தேன். பிறகு கையை ஆட்டினேன். காலை உதைத்தேன். குதித்தேன். அப்போதுதான் ஒரு விஷயம் புரிந்தது. சுவர் அவ்வளவு தடிமன். வெளியே மணி அடிக்கிறதா இல்லையா என்று உள்ளே தெரியாது. எனக்குக் கிடைத்தது என் மூச்சுச் சத்தம் மட்டும். சிப் எழுந்ததா? கண் தோளைத் தட்டியதா? பேட்டரி புதுசுதானே, நானே போட்டதுதானே? கதவு திறக்கவில்லை. இன்னும் வேகமாக ஆடினேன். விரல் மரத்தது. கதவு திறக்கவில்லை. என் கணக்கில் எங்கேயோ தப்பு என்று தோன்றியது. கதவைக் குத்தினேன், தலையால் முட்டினேன், அம்மா அம்மா என்று கத்தினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

வெளிச்சம் வந்தது. வெளிச்சத்தில் ரேடியோ நின்றாள், பெட்டி வண்டியோடு.

"அடிப்பாவி, உள்ள நின்னு என்னடி கூத்து? மணி காதைக் கிழிக்குது, இத்தனை பேரு வேடிக்கை பாத்துட்டு நிக்குறாங்க!"

தாழ்வாரத்தில் இயக்குநர், ஆலோசகர், தலைமையகத்து மூவர் எல்லோரும் அரைவட்டமாக நின்றிருந்தார்கள். தலைக்குமேல் மணி கணீரென்று அடித்துக்கொண்டிருந்தது. இயக்குநர் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

என் தாடை ஆடியது. "எப்ப இருந்து சார் அடிக்குது?"

"நீ உள்ள போன கொஞ்ச நேரத்துல இருந்தும்மா. பிரமாதம். ஒரு பிசிறு இல்ல."

"கதவைத் திறக்கணும்னு தோணலையா சார்?"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். பிறகு குழந்தைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னார்.

"கதவு திறக்கிறது நம்ம பிரிவுல வராதும்மா. அது கிடங்குப் பிரிவு."

"அப்ப மணிய எதுக்குய்யா மாட்டினீங்க, பாட்டு கேக்கவா?" என்று ரேடியோ இரண்டு கையையும் வீசிக் கத்தினாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. ஆலோசகர் பக்கம் திரும்பி, ‘ஒலி திருப்தி’ என்று எழுதிக்கொள்ளச் சொன்னார்.